சகுராஜிமா புகைகிறது, ககோஷிமா ஏன் காலி செய்வதில்லை?

ஜப்பானின் தெற்கே சகுராஜிமா எரிமலை வெடித்தது, சாம்பல் சில கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்தது என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. கூடவே வரும் படத்தில் கரும்புகைத் தூணுக்கு முன்னால் அடுக்குமாடிக் கட்டடங்களும் துறைமுகமும் தெரியும். அந்த ஊர்தான் ககோஷிமா. அதே பெயர் கொண்ட மாகாணத்தின் தலைநகர். சுமார் 6 லட்சம் பேர் வாழும் இந்த நகரத்துக்கும் மலைக்கும் நடுவே ஏறத்தாழ 4 கி.மீ. கடல்தான் இருக்கிறது. படகில் போனால் 15 நிமிடம்.

இத்தனை பக்கத்தில் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று படிப்பவர்கள் திகைப்பது இயல்பு. அந்தத் திகைப்பு பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்கிறது. படத்தில் தெரியும் புகைத்தூண் ககோஷிமாவுக்கு அன்றாடத் துப்புரவு வேலை. நகரம் உண்மையில் அஞ்ச வேண்டியவை இரண்டு: மழையில் கரையும் அதன் காலடி மண்ணும், கடைசியாக 1914-ல் நடந்தது போன்ற ஒரு பெருவெடிப்பும். மூன்றையும் பிரித்துப் பார்க்க முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வளைகுடாவே ஓர் எரிமலை வாய்

கியூஷு தீவின் தென்முனையில் இரண்டு தீபகற்பங்கள் கால் நீட்டியது போல இறங்குகின்றன. மேற்கே சத்சுமா, கிழக்கே ஒசுமி. நடுவில் ககோஷிமா வளைகுடா. வரைபடத்தில் இந்த வளைகுடாவின் வடபகுதியை மட்டும் பார்த்தால், ஏறத்தாழ 20 கி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம் தெரியும். அதன் பெயர் அய்ரா கால்டெரா.

நிலத்தடியில் இருந்த பாறைக்குழம்பு ஒரே மூச்சில் வெளியேறிவிட, மேலே இருந்த நிலம் தாங்கலின்றி உள்ளே சரிந்து உண்டாகும் பெரும்பள்ளத்தைத்தான் கால்டெரா என்கிறோம். அய்ராவில் இது சுமார் 30 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த பெருக்கு நாலாபுறமும் தரையோடு ஓடி, பள்ளத்தாக்குகளை நிரப்பி, ஆறிப் படிந்தது. நுண்சாம்பல் காற்றில் போய் ஜப்பானின் பெரும்பகுதியை மூடியது. பிறகு அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது.

சகுராஜிமா அந்த வட்டத்தின் தென்விளிம்பில் பின்னர் முளைத்த எரிமலை. வயது ஏறத்தாழ 26 ஆயிரம் ஆண்டு, உயரம் 1,117 மீட்டர். ஆக, ககோஷிமாவுக்கு இரண்டு எரிமலைகளோடு கணக்கு இருக்கிறது. தாய் எரிமலை விட்டுச்சென்ற படிவத்தின் மேல் நகரம் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை எரிமலை அதன் மேல் சாம்பலைக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

2004 நவம்பரில் நடந்த இணைப்புக்குப் பிறகு சகுராஜிமா முழுவதுமே ககோஷிமா நகர எல்லைக்குள் வந்துவிட்டது. எரிமலை அடிவாரத்தில் சில ஆயிரம் பேர் இன்றும் குடியிருக்கிறார்கள்.

‘வெடித்தது’ என்பதன் பொருள்

சகுராஜிமாவின் தென்முகட்டு வாய் 1955 முதல் ஓய்ந்ததே இல்லை எனலாம். கிழக்குச் சரிவில் உள்ள ஷோவா வாய் 2006-ல் மீண்டும் விழித்தது. இவற்றின் நடவடிக்கைகளை ஜப்பான் வானிலை முகமை இரண்டு விதமாகப் பதிவு செய்கிறது.

1. புகைத்தூண் வாயிலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் எழுந்தால் அது ‘உமிழ்வு’ என்று கணக்கில் ஏறும்.
2. அதோடு வெடிப்புக்கே உரிய நில அதிர்வும், கருவியில் பதியும் அளவுக்குக் காற்றழுத்த அதிர்ச்சியும் இருந்தாலோ, கற்கள் தெறித்தாலோ அது ‘வெடிப்பு’.

2011-ஆம் ஆண்டில் மட்டும் 996 வெடிப்புகள். சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று. அந்த 996-ல் ஒவ்வொன்றும் தனிச் செய்திதான், ஆனால் எதற்கும் ககோஷிமா நகரம் வெளியேறவில்லை.

எச்சரிக்கை நிலையிலும் இதே குழப்பம் உண்டு. 2022 ஜூலை 24 இரவு சகுராஜிமாவுக்கு முதல் முறையாக 5-ஆம் நிலை எச்சரிக்கை விடப்பட்டது. 5 தான் உச்சநிலை என்பதால், பெருவெடிப்பு போல உலகெங்கும் செய்தி போனது. இந்த எண் வெடிப்பின் பருமனை அளப்பதில்லை. மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. 3 என்றால் மலைக்குள் போகக்கூடாது. சகுராஜிமாவில் இது வாய்களிலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. வட்டம். 5 என்றால் குறிப்பிட்ட குடியிருப்பிலிருந்து வெளியேற வேண்டும். அன்று எரிகற்கள் 2 கி.மீ. எல்லையைத் தாண்டி விழுந்தன. குடியிருப்புகள் மிக அருகில். எனவே விதிப்படி 5. வெளியேறச் சொல்லப்பட்டவர்கள் அரிமுரா, ஃபுருசாதோ என்ற இரண்டு பகுதிகளில் இருந்த 51 பேர். மூன்று நாளில் நிலை மீண்டும் 3-க்கு இறங்கியது. எதிர்க்கரையில் நகரம் வழக்கம்போல் இயங்கியது.

சாம்பல் மேலாண்மை: காற்று, தண்ணீர், மஞ்சள் பை

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப் போன்றதல்ல. எரிந்த மிச்சம் எதுவும் அதில் இல்லை. பொடியான பாறையும், கூர்முனை கொண்ட கண்ணாடித் துணுக்குகளும்தான். தண்ணீரில் கரையாது. நனைந்தால் பாரமாகும், காய்ந்தால் இறுகும். வரும் தொல்லை அத்தனையும் இந்தக் குணங்களிலிருந்து பிறப்பவை.

யார் தலையில் விழும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று சாம்பலைக் கிழக்கே ஒசுமிப் பக்கம் தள்ளிவிடும். கோடையில் கிழக்கிலிருந்து வரும் காற்று நகர மையத்துக்கே கொண்டுவந்து கொட்டும். அதனால்தான் உள்ளூர் வானிலை அறிக்கையில் மழை, வெயிலோடு சகுராஜிமாவுக்கு மேலே காற்று எந்தத் திசை என்பதும் சேர்ந்து வருகிறது. துணி உலர்த்துவது வெளியிலா வீட்டுக்குள்ளா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வானிலை முகமையின் சாம்பல் முன்னறிவிப்பு மூன்று வகை: 3 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் வழக்கமான அறிவிப்பு, வெடித்த சில நிமிடங்களில் வரும் உடனடி அறிவிப்பு, அரைமணி நேரத்துக்குள் வரும் விரிவான அறிவிப்பு. படியும் தடிமன் 0.1 மி.மீ.க்குக் கீழ் என்றால் ‘சிறிதளவு’, 1 மி.மீ.யைத் தொட்டால் ‘மிகுதி’. ஒரு மில்லிமீட்டரே மிகுதியா என்று தோன்றும். தரை நிறமே தெரியாமல் மூடிவிட அது போதும்.

வீட்டுச் சாம்பலை அகற்ற நகராட்சி மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பைகளை இலவசமாகத் தருகிறது. பெயர் ‘கொகுஹாய் புகுரோ’. முன்பு இது ‘விழும் சாம்பல் பை’ என்ற பெயரில் இருந்தது. 1991-ல் ஓர் எழுத்தை மாற்றி ‘சாம்பலை வெல்லும் பை’ ஆக்கினார்கள். விழுவதைத் தடுக்க முடியாது, ஆனால் தோற்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நடைமுறை இப்படி:

1. வீட்டு வளாகத்தில் விழுந்ததை வீட்டுக்காரரே கூட்டி அள்ள வேண்டும். தெருச்சாம்பல் நகராட்சிப் பொறுப்பு. தண்ணீர் தெளித்துக்கொண்டே உறிஞ்சும் துப்புரவு வண்டிகள் வரும்.
2. லேசாக ஈரப்படுத்திக் கூட்டினால் பறக்காது. அதற்காகக் குழாயைத் திறந்து வடிகாலில் அடித்துவிடக்கூடாது. உள்ளே படிந்து இறுகி, அடுத்த மழையில் தெருவில் வெள்ளம் நிற்கும்.
3. பையில் வேறு குப்பை சேரக்கூடாது. தூக்கும் அளவுக்கு மட்டும் நிரப்பிக் கட்ட வேண்டும்.
4. கட்டிய பையைச் சாம்பலுக்கென்றே குறித்த இடத்தில் வைக்க வேண்டும். அங்கே பெயர்ப்பலகை இருக்கும்.

காரின் முன்கண்ணாடியில் படிந்ததை உலர்ந்தபடியே துடைப்பான் போட்டால் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். முதலில் தண்ணீர், பிறகுதான் துடைப்பு. ரயிலில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்சாரம் சக்கரம் வழியாக இணைவதை வைத்துத்தான் இங்கே ரயில் இருக்கிறது என்று சைகை அமைப்பு அறிகிறது. இடையே சாம்பல் படிந்தால் அந்த இணைப்பு அறுந்துவிடும். ரயில் வந்தும் கடவுப்பாதைக் கதவு மூடாமல் போகலாம். ஆகவே சாம்பல் லேசாக இருக்கும்போதே சேவையை நிறுத்திவிடுகிறார்கள். மின்கம்பங்களில் உலர்ந்த சாம்பலால் தொல்லை குறைவு. தூறல் விழுந்து நனைந்தவுடன் அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி மின்தடை வரும்.

சகுராஜிமாவில் பிள்ளைகள் மஞ்சள் தலைக்கவசம் அணிந்து பள்ளிக்குப் போகிறார்கள். சாலையோரம் கான்கிரீட் ஒதுங்குகூடங்கள் உண்டு. கல்லறைகளுக்குக்கூடக் கூரை போட்டிருக்கிறார்கள், படைத்த பூ சாம்பலில் புதைந்துவிடாமலிருக்க.

ஷிராசு: ஊரின் வரலாற்றை எழுதிய மண்

தாய் எரிமலை விட்டுச்சென்ற வெண்சாம்பல், நுரைக்கல் படிவத்துக்கு இங்கே ஷிராசு என்று பெயர். மாகாணத்தின் பெருநிலப் பகுதியில் ஏறத்தாழ பாதியை இது மூடியிருக்கிறது. பல இடங்களில் தடிமன் பத்துப்பத்து மீட்டராக ஏறி 100 மீட்டரையும் தாண்டும். மேலே தட்டையான மேடு, விளிம்பில் செங்குத்தான சரிவு என்பதே அதன் வடிவம்.

ஷிராசு தண்ணீரை நிறுத்தாது. ஊற்றியது ஊற்றியபடி கீழே இறங்கிவிடும். நெல்லுக்கு இது ஆகாத மண். அரிசியே செல்வமாகவும் வரியாகவும் இருந்த ஜப்பானில், ககோஷிமாவை மையமாகக் கொண்ட சத்சுமா ஆட்சிப்பகுதி தொடக்கத்திலிருந்தே பின்தங்கிய நிலையில்தான் நின்றது. இந்தக் குறையிலிருந்து இரண்டு வழிகள் கிளைத்தன.

முதல் வழி, வறண்ட மண்ணுக்கு ஏற்ற பயிர். தெற்கே உள்ள ரியூக்கியூ தீவுகளிலிருந்து (இன்றைய ஒகினாவா) வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு 18-ஆம் நூற்றாண்டில் இங்கே வேரூன்றியது. பிற பகுதி ஜப்பானியர் அதைச் ‘சத்சுமா கிழங்கு’ என்றே அழைக்கிறார்கள். ஷோச்சு என்ற வடிமது, கருப்புப் பன்றி வளர்ப்பு, மேட்டுநிலத் தேயிலை எல்லாம் இதே மண்ணின் வழி வந்தவை.

இரண்டாவது வழி, கடல். 12-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஏறத்தாழ 700 ஆண்டுகள் இப்பகுதியை ஆண்ட ஷிமாசு குடியினர் தெற்கே பார்த்தார்கள். 1549 ஆகஸ்ட் 15 அன்று பிரான்சிஸ் சேவியர் ஜப்பானில் முதன்முதலாகக் கால்வைத்தது இந்த ஊரில்தான். 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்த அதே சேவியர். மலாக்காவில் அவர் சந்தித்த ககோஷிமாக்காரரான அஞ்சிரோதான் அவரை இங்கு அழைத்துவந்தவர். 1609-ல் சத்சுமா படை ரியூக்கியூ அரசைப் பணியவைத்தது. அதனிடமிருந்து எடுத்துக்கொண்ட அமாமித் தீவுகளின் கரும்புச் சர்க்கரை சத்சுமாவின் கருவூலத்தை நிரப்பியது. தீவு மக்களைப் பிழிந்து வந்த செல்வம் அது. அதைச் சொல்லாமல் இந்நகரின் எழுச்சியைச் சொல்வது நியாயமாகாது.

கோட்டையிலும் இந்த நிலத்தின் முத்திரை தெரியும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷிரோயாமா என்ற 107 மீட்டர் ஷிராசுக் குன்றின் அடியில் கட்டப்பட்ட ட்சுருமாரு கோட்டைக்கு உயர்ந்த நடுக்கோபுரமே இல்லை. அகழி, மதில், மாளிகை, அவ்வளவுதான். முதுகுக்குக் குன்று, மற்றபடி ஆட்சிப்பகுதியெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்களில் குடியமர்த்தப்பட்ட சாமுராய்களே (போர்வீரர் குடியினர்) அரண். ஜப்பானின் பிற பகுதிகளைவிட இங்கே சாமுராய்களின் விகிதம் பன்மடங்கு அதிகம்.

கடலைப் பார்த்த ஊர் என்பதால் கடல்வழி வரும் ஆபத்தையும் முதலில் உணர்ந்தது. 1851-ல் பதவிக்கு வந்த ஷிமாசு நரிஆக்கிரா, கடலோரத்தில் ஷூசெய்கான் என்ற தொழிற்சாலைத் தொகுதியை எழுப்பினார். பீரங்கி வார்க்க, வெப்பத்தைக் கூரையில் பட்டுத் திரும்பவைத்து இரும்பை உருக்கும் ஓர் எதிரொளிப்பு உலை வேண்டும். கையில் இருந்தது ஒரு டச்சு நூல் மட்டுமே. முதல் உலை தோற்றது. வெப்பம் தாங்கும் செங்கலுக்கு உள்ளூர்க் குயவர்களின் சத்சுமா மண்பாண்டக் கலையைப் பயன்படுத்தித் திரும்பக் கட்டினார்கள். 1863 ஆகஸ்டில் ஏழு பிரிட்டிஷ் கப்பல்கள் நகரைக் குண்டுவீசி எரித்தன, ஷூசெய்கானும் எரிந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் பிரிட்டிஷ் முதன்மைக் கப்பலின் தலைவரைக் கொன்றன. அடுத்து சத்சுமா செய்ததுதான் வியப்பு: இரண்டே ஆண்டில், 1865-ல், தடையை மீறி 19 பேரை ரகசியமாக அதே பிரிட்டனுக்குப் படிக்க அனுப்பியது. 1867-ல் ஜப்பானின் முதல் மேற்கத்திய நூற்பாலை ககோஷிமாவில் ஓடியது. அடுத்த ஆண்டே சத்சுமாவும் கூட்டாளிகளும் நாட்டை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) ஆட்சியை வீழ்த்தியிருந்தனர். புதிய அரசை அமைத்தவர்களில் ஒருவரான சைகோ தகமோரி, அதே அரசுக்கு எதிரான கிளர்ச்சியில் 1877 செப்டம்பர் 24 அன்று ஷிரோயாமா குன்றில் உயிர்விட்டார்.

அந்த மண் கரையும்போது

உலர்ந்த ஷிராசு முரடான துகள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் செங்குத்தாகவே நிற்கும். ஆனால் துகள்களுக்குள் நுண்ணிய குமிழ்கள், எடை குறைவு. ஓடும் தண்ணீர் எளிதாக அரித்துக்கொண்டு போய்விடும். எந்தச் சரிவையும் சாய்வாக வெட்டினால் பத்திரம் என்பது பொதுவான கட்டுமான அறிவு. ஷிராசுவில் அது தலைகீழ். சரிவைப் படுக்கையாக்க ஆக்க மழை படும் பரப்பு கூடி அரிப்பும் கூடும். ஆகவே கலையாத ஷிராசுவைப் படிப்படியாக, ஏறத்தாழ நேராக வெட்டி, மேல்விளிம்பிலேயே தண்ணீரைக் கால்வாயில் திருப்பிவிடுவது வழக்கம்.

போருக்குப் பின் நகரம் பெருத்தது. 1945 ஜூன் 17 இரவு விமானத் தாக்குதலில் மட்டும் 2,316 பேர் இறந்தனர். நகரின் பெரும்பகுதி எரிந்துபோயிருந்தது. மீண்டு எழுந்த நகருக்குத் தட்டையான நிலம் போதவில்லை. எனவே ஷிராசு மேடுகளைச் சீவிக் குடியிருப்புகள் அமைத்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் ஷிரோயாமா பக்கம் சீவிய மண்ணைக் கடல்நீரோடு கலந்து, குழாய் வழியே உந்திக் கடற்கரைக்கு அனுப்பி, யோஜிரோகஹாமா பகுதியை நிரப்பினார்கள். லாரியே இல்லாமல் ஒரு குன்று கடலுக்கு நகர்ந்தது. எளிதில் அரிபடும் குணத்தையே அந்தத் திட்டம் பயன்படுத்திக்கொண்டது.

அதே குணம் 1993 ஆகஸ்ட் 6 அன்று நகரத்தைத் தாக்கியது. கனமழையில் கோட்சுகி ஆறு கரை புரண்டது. 1840-களில் கட்டிய ஐந்து கல் வளைவுப் பாலங்களில் இரண்டு அடித்துச் செல்லப்பட்டன. மீதி மூன்றையும் பின்னர் கல் கல்லாகப் பிரித்து வேறிடத்தில் நிறுவினார்கள். வடக்கே ரியூகாமிசுவில் ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் கடல், நடுவில் சாலையும் ரயில்பாதையும். இரு முனையிலும் மண் சரிந்து மூடியதால், ரயில்களிலும் வாகனங்களிலும் வந்தவர்கள் நடுவில் சிக்கிக்கொண்டார்கள். சகுராஜிமாப் படகுகளும் மீன்பிடிப் படகுகளும் வந்துதான் மீட்டன. அன்றைய வெள்ளமும் சரிவும் ஏறத்தாழ 50 உயிர்களைப் பறித்தன. 1955 முதல் விழுந்த சாம்பல் எதுவும் இந்நகருக்கு இப்படியொரு நாளைக் காட்டியதில்லை.

1914-ம் அடுத்ததும்

1914 ஜனவரி 12 காலை 10 மணியளவில் சகுராஜிமாவின் மேற்குச் சரிவும் சில நிமிடங்களில் கிழக்குச் சரிவும் பிளந்தன. முந்தின நாளே நிலம் அதிர்ந்துகொண்டிருந்தது, கிணறுகளின் நீர்மட்டம் மாறியது. கிராமத்தார் வானிலை நிலையத்தைக் கேட்டபோது, சகுராஜிமா வெடிக்காது என்ற பதில் வந்தது. கண்ணால் பார்த்ததை நம்பிப் பலர் ஏற்கெனவே படகேறியிருந்தார்கள். நிலையத்தை நம்பிக் காத்திருந்தவர்களில் சிலர் குளிர்ந்த கடலில் குதித்து இறந்தார்கள். கிழக்கு சகுராஜிமாவில் பின்னர் ஊரார் நட்ட கல், கோட்பாட்டை நம்பிக்கொண்டிராமல் அறிகுறி தெரிந்தவுடன் ஒதுங்குவதே முக்கியம் என்கிறது.

அன்று மாலையே 7.1 அளவில் நிலநடுக்கம். இறந்தும் காணாமலும் போனவர்கள் 58 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதி நிலநடுக்கத்தால். வெளிவந்த குழம்பு சுமார் 300 கோடி டன். தீவுக்கும் ஒசுமிக்கும் நடுவே இருந்த சுமார் 400 மீட்டர் அகல நீரிணையை அது மூடியது. சகுராஜிமா தீவாக இருந்தது அத்துடன் முடிந்தது. குரோகமியில் 3 மீட்டர் உயரக் கோயில் தோரணவாயில் ஒன்று தலைப்பகுதி மட்டும் வெளியே தெரிய இன்றும் புதைந்தே நிற்கிறது.

குளிர்காலக் காற்று கிழக்கே வீசியதால் பெரும்பகுதிச் சாம்பல் ஒசுமிக்குப் போனது, நகரம் தப்பியது. அடுத்த முறை கோடையாக இருந்தால்? கால்டெராவின் அடியில் பாறைக்குழம்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடி கன மீட்டர் அளவில் சேர்ந்துவருகிறது. 1914-ல் வெளியேறிய அளவு மீண்டும் நிரம்ப சுமார் 130 ஆண்டு ஆகும் என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. அதில் 110 ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டது. இது தேதி குறிப்பதாகாது. ஆனால் திட்டமிட வேண்டிய காலம் இதுதான்.

சகுராஜிமா மக்களைப் படகில் ஏற்றும் ஒத்திகை ஆண்டுதோறும் நடக்கிறது. அது நன்கு பழகிய பகுதி. கடினமானது எதிர்க்கரை. காற்று நகரை நோக்கி வீசினால் சில இடங்களில் சாம்பலும் நுரைக்கல்லும் 1 மீட்டர் வரை குவியலாம் என்று வைத்து நகராட்சி திட்டம் தீட்டுகிறது. ஃபுஜி மலைக்காக மத்திய அரசு தயாரித்த கணிப்பிலிருந்து இந்தத் தடிமனின் பொருள் தெரியும்:

1. துளி சாம்பல் படிந்தாலே தரைவழி ரயில் நிற்கும்.
2. மழையில் 3 செ.மீ., உலர்ந்திருந்தால் 10 செ.மீ. தாண்டினால் சாதாரணக் கார் நகராது.
3. நனைந்த சாம்பல் 30 செ.மீ. ஏறினால் மரவீடுகள் இடிந்து விழத் தொடங்கலாம்.

இந்த மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தால், சாம்பல் விழத் தொடங்கிய பின் 6 லட்சம் பேரை நகர்த்த முடியாது என்பது தெரியும். நில அதிர்வும் மலையின் வீக்கமும் பெருவெடிப்பைக் காட்டும் அந்தச் சில நாட்களுக்குள், காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, எந்தப் பகுதியினர் முன்கூட்டியே வெளியேறுவது, யார் உணவும் குடிநீரும் சேர்த்து வலுவான கட்டடத்துக்குள் தங்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். துணி உலர்த்தத் தினமும் பார்க்கும் அதே காற்றுத் திசைதான் அன்றும் முதலில் பார்க்கப்படும்.